தரங்கம்பாடி: சுற்றுலா ஊரும் சாதியின் சாட்சியமும்

இந்த நினைவுச் சொற்பொழிவுக்கு அழைத்த தோழர்கள் தலைப்பை என்னிடமே விட்டுவிட்டார்கள். தரங்கம்பாடி பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் ஒரு தோழர், "பீச்சைப் பற்றியா?" என்று சிரித்தார். ஆமாம், பீச்சைப் பற்றியும்தான். ஒரு சின்னக் கடற்கரை ஊருக்கு ஒருநாள் போய்வருவது ஓர் அரசியல் செயலாக இருக்க முடியுமா என்பது என் கேள்வி. நம் வாசிப்பு வட்ட மாணவர்களை மூன்று முறை அங்கே அழைத்துப் போயிருக்கிறேன். அந்தப் பயணங்களில் எழுந்த கேள்விகளைச் சேகரித்து, கிடைக்கும் நூல்களோடு ஒப்பிட்டுப் பார்த்ததன் விளைவுதான் இந்த உரை.

முதலில் எல்லோரும் பார்ப்பதைப் பார்த்துவிடலாம். மயிலாடுதுறையிலிருந்து திருக்கடையூர் வழியாக வந்து இறங்கினால், 1792-இல் கட்டிய நகர வாயில் உங்களை உள்ளே விடும். அதைத் தாண்டினால் ராஜ வீதி. இருபுறமும் வெள்ளைச் சுவர்களும் தூண் வைத்த தாழ்வாரங்களும். இடப்புறமும் வலப்புறமுமாக 1701-இன் சீயோன் தேவாலயம், 1718-இன் புதிய எருசலேம் தேவாலயம். கோடியில் கடல். கடலைப் பார்த்தபடி டேன்ஸ்போர்க் கோட்டை. சற்று வடக்கே மாசிலாமணி நாதர் கோயில். 1300களின் தொடக்கத்தில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த அந்தக் கோயிலின் பெரும்பகுதியை அலைகள் தின்றுவிட்டன. அங்கே கிடைத்த கல்வெட்டில் ஊரின் பெயர் சடங்கன்பாடி. "அலைகள் பாடும் ஊர்" என்று இன்று சொல்லும் அழகான பெயர்விளக்கத்தை இந்தக் கல்வெட்டு கொஞ்சம் சங்கடப்படுத்துகிறது. சுற்றுலாக் கையேடுகள் அதைவிட ஓசோன் நிறைந்த காற்றைப் பற்றித்தான் அதிகம் எழுதுகின்றன. காற்று நன்றாகத்தான் இருக்கிறது, மறுக்கவில்லை.

இந்த ஊர் கைமாறிய கதையை வழிகாட்டிகள் பெருமையாகச் சொல்வார்கள். 1616-இல் டேனியக் கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்குகிறது. 1620 நவம்பரில் ஓவே கெட்டே என்ற தளபதி தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போடுகிறார். நாயக்கர் தங்கத் தகட்டில் எழுதி அனுப்பிய கடிதம் டென்மார்க்கில் பத்திரமாக இருக்கிறது. 1777-இல் கம்பெனியிடமிருந்து ஊர் டேனிய அரசருக்குப் போகிறது. 1845-இல் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டார்கள்.

நாயக்கர் கொடுத்தார், கம்பெனி வாங்கியது, அரசர் எடுத்தார், ஆங்கிலேயர் வாங்கினார். காவிரிக் கடைமடை நிலம் கைமாறும்போது அதோடு சேர்ந்து கைமாறியவர்கள் யார் என்று நம்மிடம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தஞ்சைப் பகுதியில் பண்ணையாள் என்பது நிலத்தோடு ஒட்டிய சொல். ஆங்கிலேய ஆட்சிப் பகுதியில் அடிமை முறைக்குச் சட்ட அங்கீகாரத்தை நீக்கிய சட்டம் 1843-இல்தான் வந்தது. பண்ணையாள் உறவு அதற்குப் பிறகும் நூறாண்டுக்கு மேல் நீடித்ததற்கு வெண்மணி வரை சாட்சி இருக்கிறது. தங்கத் தகட்டை மட்டும் டென்மார்க் காப்பாற்றியிருக்கிறது.

1706 ஜூலை 9 அன்று இந்தக் கரையில் இறங்கினார்கள் பர்த்தலோமேயு சீகன்பால்கும் ஹென்ரிக் புளுட்சோவும். டேனிய அரசர் நான்காம் பிரடெரிக் அனுப்பிய ஜெர்மானிய இளைஞர்கள். கரையில் அதற்கு ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. பிள்ளைகள் அதன்முன் நின்று செல்ஃபி எடுப்பார்கள், எடுக்கட்டும். ஆனால் மறு ஆண்டு நடந்ததற்குச் சின்னம் ஏதும் இல்லை. 1707 மே மாதத்தில் அவர்கள் முதன்முதலாகத் திருமுழுக்குக் கொடுத்தது ஐந்து பேருக்கு. ஐவரும் டேனியர் வீடுகளில் அடிமைகளாக இருந்தவர்கள். இந்த மிஷன் சேர்த்த முதல் உறுப்பினர்கள் அடிமைகள். அவர்கள் என்ன சாதி என்று நான் ஊகிக்கப் போவதில்லை. வீட்டு வேலைக்கு விலைகொடுத்து வாங்கப்பட்டவர்கள் என்பதே போதும். கோட்டைக்குள் போனால், கோட்டைத் தலைவரோடு மோதி 1708-09-இல் சீகன்பால்க் நான்கு மாதம் சிறைப்பட்ட கதை உங்களுக்குச் சொல்லப்படும். ஒரு பாதிரியார் நான்கு மாதம் அடைபட்டது வரலாறு ஆகிறது. வாழ்நாள் முழுக்க அடைபட்டவர்கள் எண்ணிக்கையாகக்கூட ஆவதில்லை.

அச்சைப் பற்றிப் பேசாமல் தரங்கம்பாடியைக் கடக்க முடியாது. ஹாலே நகரிலிருந்து தமிழ் எழுத்துகள் வார்த்து வந்தன. இலண்டன் கிறித்தவச் சங்கம் ஒன்று அச்சு இயந்திரம் அனுப்பியது. 1714-இல் நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும், 1715-இல் புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் அச்சாயின. காகிதத்துக்குப் பக்கத்துப் பொறையாற்றில் ஆலை வைத்தார்கள். தமிழ் அச்சின் வரலாற்றை எழுதுகிறவர்கள் எழுத்தின் வடிவம், காகிதம், மை எல்லாவற்றையும் எழுதியிருக்கிறார்கள். அந்தப் புத்தகம் யார் கைக்குப் போனது, போய் என்ன செய்தது என்பதுதான் நமக்கு முக்கியம்.

தஞ்சை மராட்டிய அரசரின் படையில் சேவகம் செய்த ராஜநாயக்கன் என்பவர் கைக்கும் அது போனது. 1700-இல் பிறந்தவர், கத்தோலிக்கக் குடும்பம். பெயரில் நாயக்கன் இருப்பதைப் பார்த்துச் சாதியைத் தப்பாகப் புரிந்துகொள்ள வேண்டாம், அவர் பறையர். அச்சான சுவிசேஷத்தைத் தானே வாசித்து, வாசித்ததன் விளைவாக 1720களின் இறுதியில் தரங்கம்பாடி சபையில் சேர்ந்தார். பிறகு தஞ்சைச் சீமையில் உபதேசியாராகப் பணி செய்தார். ஐரோப்பியப் பாதிரிகள் எளிதில் நுழைய முடியாத சீமை அது. சபையை அங்கே கட்டியது அவரைப் போன்றவர்களின் கால்கள்தான்.

இங்கே மாணவர்கள் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். வெள்ளைக்காரன் பள்ளிக்கூடம் திறந்த பிறகுதான் நம்மவர்கள் எழுத்தைக் கண்டார்கள் என்று இரண்டு தரப்பு சொல்கிறது. மிஷனரி புகழ் பாடுகிறவர்கள் நன்றியோடு சொல்கிறார்கள். ஆதிக்கச் சாதியினர் இளக்காரத்தோடு சொல்கிறார்கள். மிஷன் அவரைக் கண்டுபிடிக்கும் முன்பே ராஜநாயக்கனுக்கு வாசிக்கத் தெரியும். படைச்சேவகராகத் தஞ்சையில் இருந்த ஒரு பறையர், 1720களில், அச்சுப் புத்தகத்தை எடுத்துத் தனக்கென்று பொருள் கொள்கிறார், அதன்பேரில் தன் வாழ்க்கையை மாற்றிக்கொள்கிறார். நம் அறிவு வரலாற்றை எங்கே தொடங்குவது என்று பட்டிமன்றம் நடத்தும்போது இந்த மனிதரின் பெயரையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

1733-இல் தரங்கம்பாடி சபை தன் முதல் இந்தியப் போதகரை நியமித்தது. அவர் ஆரோன். கடலூர்க்காரர், வேளாளர். அதற்குப் பிறகு இரண்டாவது போதகர் பேச்சு வந்தபோது ராஜநாயக்கனின் பெயர் அடிபட்டது. உழைப்பிலோ ஒழுக்கத்திலோ வேத அறிவிலோ அவரிடம் குறை காணவில்லை. மிஷனரிகளே அவரை மெச்சி எழுதியிருக்கிறார்கள். ஆனால் திருவிருந்தை ஒரு பறையர் கையிலிருந்து வாங்க வேண்டி வந்தால், மேல்சாதிக் கிறித்தவர்களுக்கு அந்தத் திருவிருந்தின் மேலேயே மதிப்புக் குறைந்துவிடுமோ என்று தயங்கினார்கள். 1741-இல் நியமனம் பெற்றவர் தியோகு. ராஜநாயக்கன் உபதேசியாராகவே இருந்து 1771-இல் இறந்தார்.

இந்தத் தயக்கத்தை ஏதோ பழைய கால மனநிலை என்று தள்ளிவிடாதீர்கள். அதன் அமைப்பைப் பாருங்கள். உபதேசம் செய்யலாம், ஊர் ஊராக நடக்கலாம், அடி வாங்கலாம், ஆள் சேர்க்கலாம். வாயிலிருந்து வரும் சொல்லுக்குத் தீட்டு இல்லை. அப்பமும் ரசமும் கையிலிருந்து வாய்க்குப் போகிற இடத்தில்தான் தீட்டு வந்து உட்கார்ந்துகொள்கிறது. உணவு, நீர், தொடுதல் என்று சாதி எந்தெந்த இடங்களில் தன்னைக் காக்குமோ, அதே இடங்களில் பீடத்துக்கு முன்னாலும் காத்துக்கொண்டது. அச்சுப் புத்தகம் சேரிக்குள் போய்விட்டது. அங்கிருந்து பீடத்துக்கு வரும் வழிதான் அடைபட்டது. அடைத்தவர்கள் மூட நம்பிக்கைகளைக் கண்டித்துப் பக்கம் பக்கமாக எழுதிய படித்த மனிதர்கள்.

புதிய எருசலேம் தேவாலயத்துக்குள் போகும்போது இதை நினைவில் வையுங்கள். சிலுவை வடிவில் கட்டிய கட்டடம். பீடத்தின் அருகே சீகன்பால்கும் அவருக்குத் துணை நின்ற குருண்ட்லரும் அடக்கமாகியிருக்கிறார்கள். சீகன்பால்க் இறந்தபோது வயது 36. கோயில் அமைதியாக, சுத்தமாக, அழகாக இருக்கிறது. இதே தரையில் சாதிவாரியாகத் தனித்தனியாக உட்கார்ந்தார்கள். போன முறை வந்த மாணவி ஒருவர் உள்ளே சுற்றிப் பார்த்துவிட்டு, "இதில் நாம எங்க உட்கார்ந்திருப்போம் அண்ணா?" என்று கேட்டார். பக்கத்தில் இருந்த வழிகாட்டி அவசரமாகக் கூரையைக் காட்டத் தொடங்கிவிட்டார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கதை இன்னும் தெளிவாகிறது. தரங்கம்பாடியில் படித்த வேதநாயக சாஸ்திரியார் பெரிய கவிஞர், மறுப்பில்லை. இன்றும் அவர் பாடல்கள் கோயில்களில் ஒலிக்கின்றன. 1820களில் தஞ்சைக்கு வந்த புதிய பாதிரிகள் சாதி வேறுபாட்டைக் கைவிடச் சொன்னபோது எதிர்ப்பின் முன்வரிசையில் நின்றவரும் அவர்தான். சாதியைத் திருத்துவது பைத்தியக்காரத்தனம் என்று தலைப்பிலேயே சொல்லி எழுதினார். 1833-இல் ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி உடனடியாக முற்றாக ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டார். வேளாளக் கிறித்தவர்கள் கூட்டமாக வெளியேறினார்கள். 1840களில் தரங்கம்பாடியை மையமாகக் கொண்டு லீப்சிக் மிஷன் வந்தது. அதன் இயக்குநர் கார்ல் கிரவுலின் நிலைப்பாடு: சாதி என்பது சமூக வழக்கம், சமய நம்பிக்கை சார்ந்தது இல்லை, ஆகவே பொறுமையாக இருக்கலாம். சாதியை விட மறுத்த பலர் ஆங்கிலிக்கன் சபையை விட்டு இங்கே வந்து சேர்ந்தார்கள்.

சாதி சமயம் சார்ந்தது இல்லை, சமூகம் சார்ந்தது என்ற அந்தச் சூத்திரம் சாதாரணமானது இல்லை. சமூகவியல் படித்த எனக்கு இப்படி வெட்டிப் பிரிப்பதன் வசதி நன்றாகவே புரிகிறது. சமயம் இந்தப் பக்கம், சமூகம் அந்தப் பக்கம் என்று கோடு போட்டுவிட்டால், கோயிலுக்குள் பாயை எப்படி விரிப்பது என்பது சமயத்தின் கவலையாக இருக்காது.

இனி சட்டத்துக்கு வருவோம். 1950-இல் குடியரசுத் தலைவர் பிறப்பித்த பட்டியல் சாதிகள் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து சமயத்தைத் தவிர வேறு சமயத்தைப் பின்பற்றுகிறவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவராகக் கருதப்பட மாட்டார் என்றது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். தலித் கிறித்தவரும் தலித் இசுலாமியரும் இன்றுவரை வெளியே. தமிழ்நாட்டில் கிறித்தவராக மாறிய பட்டியல் சாதியினர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டிருக்கிறார்கள்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். சபை சொன்னது: சாதி சமயத்தில் இல்லை, சமூகத்தில் இருக்கிறது, எனவே சபைக்குள் அது இருந்துவிட்டுப் போகட்டும். அரசு சொல்கிறது: சாதி இந்து சமயத்தில் இருக்கிறது, நீ அந்தச் சமயத்தில் இல்லை, எனவே உனக்குச் சாதிக் கொடுமை இல்லை. ஒன்றுக்கொன்று நேர் எதிரான இரண்டு வரையறைகள். இரண்டுக்கும் நடுவில் நசுங்குவது ஒரே மனிதர். ராஜநாயக்கனுக்குப் பீடத்தை மறுத்தது முதல் வரையறையின் முன்னோடி. அதே சாதியில், அதே சபையில் இன்று பிறக்கும் பிள்ளைக்கு உரிமையை மறுப்பது இரண்டாவது.

1985-இல் சூசை வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சூசை சென்னையில் தெருவோரம் செருப்புத் தைத்தவர், கிறித்தவரான ஆதிதிராவிடர். பட்டியல் சாதித் தொழிலாளர்களுக்கு அரசு இலவசமாகக் கொடுத்த பெட்டிக்கடை அவருக்குக் கிடைக்கவில்லை. மதம் மாறிய பிறகும் சாதி தொடர்கிறது என்று காட்டினால் மட்டும் போதாது, அந்தச் சாதியால் வரும் இழிவும் இயலாமையும் கிறித்தவ சமூகத்துக்குள்ளும் அதே கடுமையோடு தொடர்கின்றன என்று நிறுவ வேண்டும் என்றது நீதிமன்றம். அதற்கான ஆதாரம் தன்முன் வைக்கப்படவில்லை என்று மனுவைத் தள்ளியது. 2007-இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மூன்றாம் பத்தியை நீக்கலாம் என்றது, நீக்கவில்லை. 2022-இல் நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னோர் ஆணையம் வந்தது. ஆணையங்களுக்குப் பஞ்சமே இல்லை.

ஆதாரம் எங்கே என்று கேட்டார்கள் அல்லவா? அதனால்தான் தரங்கம்பாடிக்குப் போகச் சொல்கிறேன். முந்நூறு ஆண்டுகளாகத் தொடர்ந்து எழுதி வைக்கப்பட்ட சான்று இந்த ஊரைப் பற்றி இருப்பதுபோல் தமிழ்நாட்டில் மிகச் சில ஊர்களைப் பற்றித்தான் இருக்கும். அதை எழுதியவர்கள் நம் ஆட்கள் இல்லை. சாதியைக் கடைப்பிடித்தவர்களும் சகித்துக்கொண்டவர்களும் தாங்களே கைப்பட எழுதி ஹாலேவுக்கும் கோபன்ஹேகனுக்கும் அனுப்பியவை அவை. எதிர்த்தரப்பே கொடுத்த வாக்குமூலத்தைவிட நல்ல சான்று உண்டா? ஆனால் ஒரு வரம்பும் இருக்கிறது. நீதிமன்றம் கேட்டது இன்றைய நிலையை. 1741-ஐக் காட்டினால் பழங்கதை என்பார்கள். திருச்சி மேலப்புதூர் கல்லறைச் சுவரைப் போலக் கண்ணால் பார்க்கக்கூடிய சான்றுகள் சில உண்டு. மற்றவற்றை நாம்தான் திரட்ட வேண்டும்.

கடற்கரை பற்றியும் பேசுவேன் என்றேன். 2004 டிசம்பர் 26 அன்று இந்தக் கரையில் ஆழிப்பேரலை ஏறியது. தமிழ்நாட்டில் மிக அதிகம் பலியானது அன்றைய நாகப்பட்டினம் மாவட்டம், சுமார் ஆறாயிரம் பேர். தரங்கம்பாடி அப்போது அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. செத்தவர்களில் பெரும்பான்மையோர் மீனவர்கள். அவர்களின் இழப்பைச் சிறிதும் குறைத்துப் பேச நான் வரவில்லை. ஆனால் நிவாரணப் பட்டியல் எப்படித் தயாரானது என்று பார்க்க வேண்டும். படகு, வலை, எஞ்சின் என்று உடைமை வழியாக இழப்பைக் கணக்கிட்டார்கள். பல இடங்களில் சாதிப் பஞ்சாயத்துகள் வழியாகப் பெயர்கள் சேர்ந்தன. படகு இல்லாத தலித் மக்கள், மீன் சுமந்தவர்கள், கருவாட்டு வேலைக்குப் போனவர்கள், உப்பேறிய வயலில் கூலி இழந்தவர்கள், பாதிக்கப்பட்டவர்களாகவே கணக்கில் வரவில்லை. முகாம்களில் தலித்துகளைத் தனியாக ஒதுக்கியதும், குடிநீர்த் தொட்டியிலிருந்து விரட்டியதும் அப்போதே மனித உரிமை அமைப்புகளின் அறிக்கைகளில் பதிவாயின. கடற்கரை என்றால் மீனவர், வயல் என்றால் தலித் என்று நம் மனதில் இருக்கும் படமும் இதற்கு ஒரு காரணம். இயக்கங்களுக்குள்ளேயே அந்தப் படம் இருக்கிறது.

அலைக்குப் பிறகு ஊருக்குப் பணம் வந்தது. கோட்டை புதுப்பிக்கப்பட்டது, பழைய பங்களாக்கள் சீரமைக்கப்பட்டன, சில தங்கும் விடுதியாயின. மரபுக் கட்டடங்களைக் காப்பாற்றக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். இடிந்துபோன கட்டடம் சாட்சி சொல்லாது. சுண்ணாம்பு பூசி நிறுத்திய கட்டடம் எதைச் சொல்ல வேண்டும் என்பதில்தான் நமக்கு வழக்கு. தரங்கம்பாடியில் கோட்டைத் தலைவர்களின் பெயருக்கு இடம் இருக்கிறது. ராஜநாயக்கனுக்கு ஒரு பலகை வைக்கக் காசு எவ்வளவு ஆகிவிடும்? அந்த ஐந்து அடிமைகளுக்கு ஒரு வரி? இதைத் திருச்சபையிடமும் தொல்லியல் துறையிடமும் எழுத்து மூலம் கேட்க வேண்டும். பதில் வந்தாலும் வராவிட்டாலும் கேட்டதற்கு நகல் நம்மிடம் இருக்க வேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு வேலை. போகும்போது கேமராவோடு ஒரு நோட்டும் எடுத்துப் போங்கள். தரங்கம்பாடி, பொறையாறு சுற்றுவட்டாரத்தில் எழுபது வயதைத் தாண்டிய அம்மாக்கள், அய்யாக்கள் இருக்கிறார்கள். சின்ன வயதில் கோயிலில் எந்தப் பக்கம் உட்கார்ந்தீர்கள், திருவிருந்துக் கிண்ணம் யாருக்கு முதலில் வந்தது, கல்லறையில் உங்கள் வீட்டாருக்கு எந்த மூலை, சபைத் தேர்தலில் யார் நிற்க முடிந்தது, கலியாணம் யாருக்குள் என்று கேளுங்கள். அவர்கள் சம்மதித்தால் மட்டும் பதிவு செய்யுங்கள். பெயரை வெளியிடாதீர்கள், அவர்கள் அதே ஊரில்தான் வாழ வேண்டும். பதிவில் தேதி, இடம் தவறாமல் இருக்கட்டும். நாளை ஓர் ஆணையத்தின் முன் வைக்கும்போது அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

மயிலாடுதுறையிலிருந்து கிளம்புகிறவர்கள் காலைப் பேருந்தைப் பிடித்துவிடுங்கள். பதினோரு மணிக்கு மேல் ராஜ வீதியில் நிழல் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை போனால் ஆராதனை முடிந்து ஆட்கள் வெளியே வரும்வரை காத்திருங்கள், பேசுவதற்கு அதுதான் நல்ல நேரம்.